பேய்க்கு நான் பேசிய வசனம்

போன ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் எதையோ தேடப் போய், அந்தப் பழைய தொடர் வந்து நின்றது. இரண்டு பேர் ஒரு இயந்திரத்துக்குள் நுழைந்து வாரத்துக்கு ஒரு காலத்தில் போய் விழுவார்களே, அந்தக் கறுப்பு வெள்ளைத் தொடர். இயந்திரம் கிளம்பும் சத்தம் கேட்டதுமே எனக்கு நெல் அவிக்கும் வாசனை அடித்தது. சிரிக்காதீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருப்பாள், நாங்கள் உள்ளே டிவி பார்ப்போம். இரண்டும் எனக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டன.

இலவச டிவி எல்லார் வீட்டிலும் இருந்தது. கேபிள் எங்கள் வீட்டில் மட்டும்தான். அதனால் தெருவே வந்து உட்காரும். தொடரோ இங்கிலீஷ். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆகவே எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது தெருவின் முடிவு. எட்டாம் வகுப்பில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே போக அனுமதி கேட்கும் ஒரே ஒரு வாக்கியம். அதை ஒப்புக்கொள்ளத் திமிர் விடவில்லை. இப்போதும் பல சமயம் விடுவதில்லை.

அன்றைக்கு அந்த இருவரும் ஒரு பாழடைந்த பங்களாவில் விழுந்தார்கள். மெழுகுவத்தி தானாக அணைந்தது. நாற்காலி தானாக நகர்ந்தது. எங்கிருந்தோ ஒரு குரல் ஏதோ சொன்னது. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"என்னாடி சொல்லுது?" என்றாள் பக்கத்து வீட்டுக் கமலா அக்கா.

"தனியா வர்ற பொம்பளப் புள்ளையத்தான் புடிப்பேன்னு சொல்லுது."

அந்த வசனம் எனக்கு எங்கிருந்து வந்ததோ! பங்களாவில் நின்றது இரண்டு ஆம்பளைகள். தெருவில் ஒருவராவது அதைக் கேட்டிருக்கக் கூடாதா?

அகப்பையோடு வாசற்படியில் நின்ற அம்மா கேட்டுவிட்டாள். அடுத்த மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு நான் நன்னிலம் போக வேண்டும். பஸ் பிடிக்க வாய்க்கால் கரையோடு நடக்க வேண்டும். வழியில் கூரை விழுந்த மோட்டார் கொட்டகை.

"வெள்ளக்காரன் ஊருலயே இப்படின்னா, நம்ம கொட்டாயில என்ன இருக்கோ? எட்டாவதோட போதும்."

'எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா' என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நானோ அடுத்த வாரம் வசனத்திலேயே பேயை ஓட்டிவிடலாம் என்று காத்திருந்தேன். பாவிகள், அடுத்த வாரம் போர்க்களத்தில் போய் விழுந்தார்கள். பங்களாவும் இல்லை, பேயும் இல்லை. குதிரைமேல் இருந்த தாடிக்காரரைக் காட்டி, "அந்தப் பேய இவருதான் ஓட்டிட்டாராம்" என்றேன்.

"அவரு அந்த ஊருக்கு ஓட்டிட்டாரு. நம்ம ஊருக்கு யாரு ஓட்டுறது?" என்றாள் அம்மா.

இரண்டு வாரமும் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "நான் சைக்கிள்ல கொண்டுபோயி விடுறேன், விடு" என்றார்.

நான்கு வருடம் விட்டார். நடவு நாளில்கூட விட்டார். கொட்டகை வந்ததும் விடாமல் மணி அடிப்பார். "ஒங்கப்பா பேய்க்கு வழி கேக்குறாராடி?" என்று கூடப் படித்தவர்கள் கேட்காத நாளில்லை.

இப்போது கைப்பேசியில் அதே தொடர் தமிழில் பேசுகிறது. பேய் சொன்னது இவ்வளவுதான்: "யார் அது? கதவைச் சாத்துங்கள், குளிர்கிறது."

தலையில் அடித்துக்கொண்டு அப்பாவிடம் காட்டினேன். அவர் அசரவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும் பாப்பா. அது வாய மூடுன பொறவும் நீ பேசிக்கிட்டே இருந்த."

"தெரிஞ்சுமா நாலு வருஷம் சைக்கிள மிதிச்சீங்க? அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"அத சொல்லணும்னா ஒனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னுல்ல சொல்லணும். அத்தன பேரு முன்னாடி எப்படிச் சொல்றது?"

இந்த மனிதரை என்ன செய்வது? எரிச்சலோடு மீதியை ஓடவிட்டேன். மோட்டார் கொட்டகை இருந்த இடத்தில் இன்று சிமெண்ட் சாலை. டிவி பரணில் கிடக்கிறது. படம் ஓடும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பேய் மறுபடி பேசியபோது, அப்பா மட்டும் பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார். அது தமிழில் பேசுவது உறைத்ததும் மெல்லத் திரைக்கே திரும்பிக்கொண்டார்.