அன்வர் பையிலிருந்த கத்தி

போன வாரம் பேரனுக்கு ஸ்கூல் ஷூ வாங்கப் போனேன். கடைக்காரர் டப்பாவைத் திறந்ததும் புதுத் தோலும் சொல்யூஷனும் கலந்த வாசனை. பேரன் மூக்கைப் பொத்திக்கொண்டான். எனக்கோ பசியெடுத்தது. சிரிக்காதீர்கள், ஆம்பூரில் வேலை பார்த்த மூக்கு அப்படித்தான்.

அந்த வாசனைக்கு நடுவில் உட்கார்ந்துதான் தினமும் என் சிநேகிதன் அன்வரோடு சாப்பிட்டேன். ஷூ ஃபேக்டரியில் அவன் கட்டிங், நான் பேக்கிங். முதலில் நானும் கட்டிங்தான். தோலைவிட விரலை அதிகம் வெட்டுகிறேன் என்று அவனே சூப்பர்வைசரிடம் சொல்லி என்னை இடம் மாற்றிவிட்டான். வெள்ளிக்கிழமைகளில் பிரியாணி கொண்டுவருவான்.

"துன்னுடா. நீ இன்னா புது மாப்பிள்ளையா, வெக்கப்படற?"

சிரிக்காமல் பேசவே அவனுக்குத் தெரியாது.

கட்டிங் ஆட்கள் கத்தியை ஃபேக்டரியில் விட்டுப் போக மாட்டார்கள். அடுத்தவன் கை பட்டால் கூர் கெட்டுவிடும். தோல் துண்டில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம். புதிதாக வந்த சப்-இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது.

அன்று பஜாரில் ஏதோ அடிதடி. ஷிஃப்ட் முடிந்து வந்த எங்களை அவர் நிறுத்திப் பையைத் தடவினார்.

"என்னடா இது?"

"கத்தி சார். இதுலதான் சார் சோறே," என்று அன்வர் வழக்கம்போல் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை. லத்தி தலையில் இறங்கியது. நான் குறுக்கே போவதற்குள் ஒரு கான்ஸ்டபிள் பிடித்துக்கொண்டார். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அன்வர் என் மடியிலேயே போய்விட்டான்.

கத்தியை உருவிய ரவுடி என்றது ஸ்டேஷன். அவன் அம்மா ஸ்டேஷனில் கேட்டது ஒன்றுதான். "போனவன் போய்ட்டான் சார். எம் புள்ளய ரவுடின்னு மட்டும் எழுதாதீங்க."

மறுநாள் கட்டிங் ஆட்கள் மொத்தப் பேரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். கோஷம் எதுவும் இல்லை. ஒவ்வொருவராகப் பையிலிருந்த கத்தியை எடுத்து, சுற்றிய தோலைப் பிரிக்காமல், படியில் வைத்தார்கள்.

"நாங்களும் ரவுடிங்கதான் சார், எழுதிக்குங்க," என்றார் கட்டிங் மேஸ்திரி. அவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சப்-இன்ஸ்பெக்டர் வெளியே வரவில்லை. பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார், அவ்வளவுதான். கேஸில் அந்த வார்த்தையை யாரும் மாற்றவில்லை.

ஃபேக்டரி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அன்வரின் அம்மா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. மேஸ்திரியும் இல்லை, அன்று அவரோடு போனவர்களில் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. எனக்கும் மறதி வர ஆரம்பித்துவிட்டது. அதனால் உங்களிடம் சொல்லி வைக்கிறேன். அன்வர் ரவுடி இல்லை.