ஒரே பியானோவில் ஒரு சிம்பொனி

தானா ராத்தா டவுனில் சிம்பொனி வாசிக்கப்போகிறார்கள் என்ற சுவரொட்டியை பஸ் நிலையத்தில் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எஸ்டேட் ஆபீசில் வேலை பார்ப்பவள் நான். காலையில் தேயிலைச் சரிவு வழியாக ஆபீசுக்கு நடக்கும்போது கைப்பேசியில் சிம்பொனி கேட்பது பல வருடப் பழக்கம். யாரும் சொல்லித்தந்ததில்லை. எதையோ தேடப்போய், ஓபோ என்னும் குழல் வாசித்த ஒரு மெட்டு தற்செயலாகக் காதில் விழுந்தது. அன்று பிடித்தது, விடவில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேச எங்கள் லயத்து வீடுகளில் ஆளில்லை. என் கணவருக்கு அதெல்லாம் 'வயலின் சத்தம்', அவ்வளவுதான்.

சுவரொட்டியில் இருந்தது அந்த ஓபோ மெட்டு வரும் அதே சிம்பொனி.

"கார்ல கொண்டு போறேன். உள்ள தூங்கிட்டேன்னா எழுப்பாத லா," என்றார் கணவர்.

ஞாயிறு மதியம் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மேடையில் ஒரு பியானோ மட்டும் இருந்தது. அதன் முன்னால் இரண்டு நாற்காலிகள். வயலின்களும் குழல்களும் நிறைந்த ஒரு பெருங்கூட்டத்தை நான் மனதில் கொண்டுவந்திருந்தேன்.

"மத்தவங்கள்லாம் பஸ்ஸ விட்டுட்டாங்க போல," என்று அவர் காதருகே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு பெண்கள் வந்து வணங்கினார்கள். இசைத்தட்டுகள் வருவதற்கு முன் பல வீடுகளில் சிம்பொனியை இப்படித்தான், இரண்டு பேர் ஒரு பியானோவில் வாசித்துத் தெரிந்துகொண்டார்கள் என்று அவர்களில் ஒருவர் விளக்கினார். பிறகு தோளோடு தோள் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள்.

முதல் பகுதி முழுக்க நான் இல்லாததையே தேடிக்கொண்டிருந்தேன். முரசு எங்கே, கொம்பு எங்கே என்று. இரண்டாவது பகுதியில் அந்த மெட்டு வந்தது. ஓபோவில் அந்த முதல் சுரம் மெல்லத் தொடங்கிப் பெருகும். பியானோவால் அது முடியாது. தட்டிய கணமே சுரம் தேயத் தொடங்கிவிடுகிறது. நான் காத்திருந்தேன். சுரம் தேய்ந்துகொண்டே போக, அது விட்டுச்சென்ற இடத்தில், எனக்குள்ளிருந்தே குழல் எழுந்தது. பின்னாலேயே வயலின்கள் வந்தன. ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கி மலையை மறைத்திருந்தது. எது அவர்கள் விரலிலிருந்து வருகிறது, எது என்னிலிருந்து என்று பிரிக்கத் தெரியாமல், எடையில்லாதவள் போல உட்கார்ந்திருந்தேன்.

கைதட்டல் கேட்டுத்தான் பக்கத்தில் திரும்பினேன். அவர் தூங்கவில்லை. முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கவனிச்சியா? மூச்சு இழுத்துட்டுத்தான் ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிக்கிறாங்க," என்றார்.

அவர் வேலை தேயிலை வெட்டும் மெஷினில். செடி வரிசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

"எனக்கும் என் ஜோடிக்கும் அப்படித்தான். பேசிக்கவே மாட்டோம். அவன் மூச்சு விடுறத வச்சே தூக்கிருவேன்."

திரும்பும் வழியில், ரிங்லெட்டை நோக்கி வளைந்து இறங்கும் ரோட்டில், ஆர்கெஸ்ட்ரா வாசித்த அதே பகுதியைப் போட்டேன். நான் இத்தனை நாள் கேட்டது என்ன என்று அவருக்குக் காட்ட ஆசை. கொஞ்ச நேரம் கேட்டார்.

"நம்ம பாட்டு எப்ப வரும்?"

"இதுதாங்க அது!"

"இல்ல லா. கீழ எறங்கி எறங்கிப் போச்சே, அது," என்று முனகிக் காட்டினார்.

அது என் மெட்டு இல்லை. இடப்பக்கம் இருந்த பெண் தாழ்ந்த சுரங்களில் வாசித்த வரி. ஆர்கெஸ்ட்ராவில் அப்படி ஒன்று இல்லை என்றேன். இருக்கிறது என்றார். ஓரமாகக் காரை நிறுத்தி, ஒலியைக் கூட்டி, மறுபடி கேட்டோம். ஓபோவுக்கு வெகு கீழே, செல்லோ என்னும் பெரிய வயலின்கள் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தன. என் மெட்டு அவ்வளவு காலமும் அதன் மேல்தான் நடந்திருக்கிறது. எத்தனை காலைகளில் கேட்டிருப்பேன்! ஒரு நாளும் என் காதில் அது விழுந்ததில்லை.

அவர் கீழ் வரியை முனகினார். நான் மேலே மெட்டைப் பிடித்தேன். இருவருக்குமே சுருதி சேரவில்லை. எதிரே வந்த காய்கறி லோரியின் விளக்கு பனியில் மஞ்சளாகக் கரைந்து எங்களைக் கடந்து போனது.

"இன்னொரு தடவ போடு," என்றார்.