வவ்வால் போட்ட கொட்டைகள்

என் முந்திரித் தோப்பில் வேலை செய்த ஒரு பெண்ணைத் திருடி என்று சொன்னேன். அவள் திருடவில்லை என்று நான்காம் நாளே தெரிந்துவிட்டது. தெரிந்தும் அடுத்த பருவம் வரும்வரை வாய் திறக்கவில்லை.

களமருதூருக்கு அருகே உள்ள அந்தத் தோப்பு எனக்கும் தம்பிக்கும் பொது. தம்பி வெளியூரில் இருக்கிறான். பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்ற நான்தான் பார்த்துக்கொண்டேன். அந்த ஆண்டு தையில் மரங்கள் நன்றாகப் பூத்தன. பிறகு விடாத மூடுபனி. பூங்கொத்துகளில் பூச்சி விழுந்தது. உடனே மருந்தடிக்கச் சொன்னார்கள். பனி விலகட்டும் என்று பத்து நாள் தள்ளிப்போட்டேன். கொத்துகள் தீய்ந்தது போலக் கருகின. பங்குனியில் பாதி மரங்களில் வெறும் இலைதான்.

மிஞ்சியதையாவது மழைக்கு முன் எடுத்தாக வேண்டும். முந்திரிப் பழம் தானாக விழ வேண்டும். விழுந்ததை அன்றே பொறுக்கி, கொட்டையைத் திருகிக் காயவைக்க வேண்டும். ஈரத்தில் கிடந்தால் கறுத்துவிடும். தினமும் பிற்பகலில் மேற்கே, கல்வராயன் மலைப் பக்கம் மேகம் திரண்டது. பொறுக்கும் பெண்களை விரட்டிக்கொண்டே இருந்தேன். தம்பி போனில் ஒன்றையே கேட்டான்: "பூத்ததெல்லாம் எங்கண்ணா போச்சு?"

ஒரு காலை, வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தியின் மடி கனத்திருந்தது. கணவனை இழந்தவள். முந்திரிப் பருவத்தில்தான் அவளுக்கு அன்றாடம் வேலை.

"இன்னாம்மா மடியில?"

"கொட்டை சார். ஏரிக்கரை இலுப்ப மரத்தாண்ட பொறுக்கிக்கினு வந்தேன். வவ்வா போட்டது."

"இலுப்ப மரத்துல முந்திரி காய்க்குதா? வாத்தியாருக்கே பாடம் நடத்துறியா? எல்லாருக்கும் முன்னாடி தோப்புல பூந்து பொறுக்கிட்டு கதை சொல்ற. அவுத்துக் காட்டுடி மடிய!"

யாரோ சிரித்தார்கள். அவள் மடியை அவிழ்த்தாள். நாலு கைப்பிடி இருக்கும்.

"கொட்டைய நல்லா பாருங்க சார்."

நான் பார்க்கவில்லை. "திருடிக்கு இங்க வேலையில்ல, போ" என்றேன்.

நான்காம் நாள் ஏரிக்கரையில் நடந்தபோது அந்த இலுப்பையடியில் நின்றேன். சப்பிப்போட்ட முந்திரிப் பழச் சக்கைகள், நடுவே கொட்டைகள். ஒவ்வொன்றின் தலையிலும் பழ நார், பல் பட்ட கீறல். கையால் திருகிய கொட்டையில் அது இருக்காது. வவ்வால் பழத்தைக் கவ்விவந்து, சதையைத் தின்று, கொட்டையைப் போட்டுவிடுகிறது. தோப்புக்கு வெளியே அப்படி விழுந்தது பொறுக்குகிறவருக்கே சொந்தம் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த வழக்கம். எனக்குத்தான் அதுவரை தெரியாது.

அதற்குள் தம்பியிடம், "திருட்டு ஜாஸ்தியாயிடுச்சுப்பா" என்று சொல்லியிருந்தேன். அவனும் நம்பிவிட்டான். அவள் திருடவில்லை என்றால், பூத்ததெல்லாம் எங்கே போயிற்று என்பதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். மருந்தடிக்காமல் விட்ட பத்து நாள் வெளியே வரும். பேசாமல் இருந்துவிட்டேன். பக்கத்துத் தோப்புக்காரர்களும் அந்தப் பருவம் முழுக்க அவளைக் கூப்பிடவில்லை.

அடுத்த பங்குனியில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். "தப்பு பண்ணிட்டேம்மா. வேலைக்கு வா."

"பத்து பேரு எதுர்ல மடிய அவுக்க சொன்னீங்க. மன்னிப்ப மட்டும் வூட்டாண்ட வந்து ரகசியமா சொல்றீங்களே சார்?"

அவள் கேட்டது நியாயம். பொறுக்கத் தொடங்கிய முதல் நாளே எல்லாப் பெண்களையும் நிற்கவைத்து நடந்ததைச் சொன்னேன். பக்கத்துத் தோப்புகளுக்கும் போய்ச் சொன்னேன். தம்பியிடம் மருந்து விஷயத்தையும் சொன்னேன். அவன், "அந்தப் பொம்பளைய ஏண்ணா இழுத்த?" என்று மட்டும் கேட்டான்.

பக்கத்துத் தோப்பில் அவளுக்கு வேலை கிடைத்தது. என் தோப்புக்கு அவள் வரவில்லை. ஆனால் அங்கே போக என் தோப்பைத் தாண்டித்தான் வழி. தினமும் காலையில் என் வேலிப்படலுக்கு எதிரே நிற்பாள். வெறும் மடியை அவிழ்த்து, நான் பார்க்க, இரண்டு தரம் உதறிவிட்டு நடப்பாள்.

"வேணாம்மா" என்றேன் ஒருநாள்.

"இருக்கட்டும் சார்" என்றாள்.

இலுப்பையடியில் கொட்டைகள் இப்போதும் விழுகின்றன. அவள் அவற்றைத் தொடுவதில்லை.