புறங்கையில் பதிமூன்று

பிற்பகல் மூன்று நாற்பதுக்குக் கொழுந்தன் அழைத்தார். "அண்ணி, அவ கடையிலேயே சாஞ்சுட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள போயிட்டா." மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்ததாம். என் ஓரகத்திக்கு முப்பத்தெட்டு வயதுதான். அது போன வாரம்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் 'கண்ணாடி'. பொறாமையை மறைக்கத் தெரியாதவள். மாடியில் குடியிருந்துகொண்டே, கீழே என் கொடியைப் பார்த்து, "உங்க துணி மட்டும் எப்படிக்கா சீக்கிரம் காயுது? எனக்கு மட்டும் பழைய வெயிலா?" என்று கேட்பாள்.

எங்கள் இருவருக்கும் குழந்தை இல்லை. ஒரே கருத்தரிப்பு மருத்துவமனைக்குப் போனோம். கருமுட்டைகள் வளர எனக்குத் தினமும் ஊசி. அவள் சினைப்பையில் முட்டை இருப்பு குறைவு. கூடுதல் மருந்து கொடுத்தாலும் எண்ணிக்கை ஏறாது என்று டாக்டர் மாத்திரையும் சில சின்ன ஊசிகளும் மட்டும் எழுதினார். நல்லதாக இரண்டு மூன்று கிடைத்தால் போதும் என்றார். கண்ணாடிக்கு ஆறவில்லை. "ஆள் பாத்து அள்ளி வைக்கிறாங்க. உங்களுக்கு முழுச் சாப்பாடு, எனக்கு ருசி பாக்க ஒரு கரண்டி."

முட்டை எடுத்த அன்று பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோம். எத்தனை கிடைத்தது என்பதை மயக்கம் தெளிவதற்குள் நர்ஸ் புறங்கையில் எழுதிவிடுவார். கண் விழித்ததும் எல்லோரும் முதலில் கையைத்தான் பார்ப்பார்கள். என் கையில் 12. அவள் கையில் 3. லென்ஸில் குறி போடும் பேனாவைக் கைப்பையிலிருந்து எடுத்து, மூன்றுக்கு முன்னால் ஒரு கோடு இழுத்தாள்.

"என்னடி பண்றே?"

"சும்மா இருங்கக்கா. உங்களைவிட ஒண்ணு கூட."

எதிர்க் கட்டில் பெண் எட்டிப் பார்த்தாள். "பதிமூணா! என்ன சாப்ட்டீங்க?"

"ஒண்ணுமில்லீங்க, உடம்புவாகு" என்றாள் கண்ணாடி.

சுற்றிவந்த டாக்டர் அந்தக் கையைப் பார்த்துப் பதறிவிட்டார். "இவங்களுக்குப் பதிமூணா? மருந்து அளவுக்கு மீறி வேலை செஞ்சிருக்கு, வயிறு வீங்குதான்னு பாருங்க!" நர்ஸ் ஓடிவந்தார். "ஐயோ மேடம், நான் மூணுதான் எழுதினேன்!" அறையே சிரித்தது. கண்ணாடி போர்வைக்குள் போய்விட்டாள்.

என் பன்னிரண்டில் ஒன்றும் தங்கவில்லை. அவள் மூன்றில் ஒன்று மகளாகப் பிறந்தது. அன்றோடு பொறாமை மாடிப்படி இறங்கி என் வீட்டில் குடியேறியது. அவளுக்கும் அது தெரியும். பிள்ளையை என் மடியில் போட்டு, "பாத்துட்டுக் குடுத்துடணும், வெச்சுக்கக் கூடாது" என்று சிரிப்பாள். ஆனால் திருப்பி வாங்கும்வரை படியைவிட்டு நகரமாட்டாள்.

இப்போது அந்தப் பிள்ளைக்கு நான்கு வயது. "இனிமே நீங்கதான் அண்ணி அவளுக்கு அம்மா" என்று கொழுந்தன் சொல்லிவிட்டார். பிள்ளை ஒப்புக்கொள்ளவில்லை. குளிப்பாட்டினால், "அம்மா இவ்ளோ சுட ஊத்தமாட்டாங்க பெரியம்மா." கதை சொன்னால், "அம்மா சொல்ற சிங்கம் இப்படிக் கத்தாது." இல்லாதவளோடு நாள் முழுக்க மல்லுக்கு நிற்கிறேன். ஒவ்வொரு முறையும் அவளே ஜெயிக்கிறாள், எரிகிறது.

இன்று காலை இரட்டைப் பின்னல் போட உட்கார வைத்தேன். இடப்பக்கம் முடிந்ததும், "அம்மா இழுக்கவே மாட்டாங்க" என்று எழுந்து மாடிக்கு ஓடிவிட்டாள். அப்புறம் தலையைத் தொடவிடவில்லை. வலப்பக்கம் இன்னும் பின்னவில்லை.