கைரியாவின் மணல் சுவர்

கைரியா செய்த ஒரே அநியாயம், வேலை முடிந்தபின் கால் நீட்டி உட்கார்ந்ததுதான். அதற்குத்தான் அலவத்துகொடை ஊரில் அவளைப் பற்றி அத்தனை பேச்சு.

விடியுமுன் எழும்பி, கண்டிச் சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அவித்து அனுப்புவாள். பிறகு வீடு, துணி, புருஷன், பிள்ளைகள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டாளோ, கதை மாறிவிடும். முன்னறையில் சுவரைப் பார்த்துக் கதிரையைப் போட்டு, முக்காலியில் காலைத் தூக்கிவைத்து, பிளேன்டீயோடு சாய்ந்துவிடுவாள். பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லும்வரை யார் கூப்பிட்டாலும் அவளுக்குக் காது கேட்காது.

அந்தச் சுவரில் அவளே வரைந்த படம் இருந்தது. படம் என்றால் மலையும் பூவுமல்ல. சுண்ணாம்பில் காவித்தூளையும் சலவை நீலத்தையும் தனித்தனியாகக் கரைத்து, பழந்துணியால் ஒற்றியும் கையால் இழுத்தும் பூசிய நிறங்கள். கீழே தவிட்டு நிறம், அதற்கு மேல் மஞ்சள், உச்சியில் வெளிறிய நீலம். கோடென்று ஒன்றுகூட இல்லை.

சவூதியில், றியாதுக்கு வெளியே ஒரு வீட்டில் அவள் பணிப்பெண்ணாக இருந்தபோது, பின்னேரத்தில் காய்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போவாள். மதிலுக்கு அப்பால் முழுக்க மணல். துணியை மடிக்கிறேன் என்ற சாக்கில் கொஞ்சம் உட்காருவாள். இடுப்பு வலி மெல்ல இறங்கும். ஒரு மனிதக் குரல் கிடையாது. அல்லாஹ்வே, என்ன சுகம் அது! சம்பளத்தில் வீடு கட்டியாயிற்று, நகை செய்தாயிற்று. அவளுக்கென்று அங்கிருந்து கொண்டுவந்தது அந்தச் சுகம் மட்டும்தான்.

புருஷனின் தங்கை ஹபீலா படத்தை முதன்முதலில் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். "பாலைவனம் எண்டு சொல்றீங்க, ஒட்டகம் எங்க மச்சி?"

"ஒட்டகம் நிண்டா, அதுக்கும் நான்தானே தண்ணி வெக்கோணும்?"



நோம்பு நெருங்கியது. நோம்புக்கு முன் வீட்டைக் கழுவி வெள்ளையடிப்பது ஊர் வழக்கம். கைரியா சாமான் வாங்கக் கண்டிக்குப் போன நாளில், அவள் புருஷன் ஹாஷிம், வெள்ளையடிக்க றிஸ்வி பாஸை வேலைக்கு விட்டுவிட்டுச் சந்தையில் தன் கடைக்குப் போய்விட்டார். றிஸ்வி கெட்டிக்காரக் கொத்தன்தான். ஆனால் கண்டி மழையில் ஊறிய சுவர்களையே பார்த்துப் பழகிய கண். மஞ்சளும் தவிட்டு நிறமுமாகத் திட்டுத் திட்டாய் ஒரு சுவரைக் கண்டால் அவன் வேறென்ன நினைப்பான்?

பையோடு உள்ளே வந்த கைரியாவுக்கு முன்னால் சுவர் பளீரென்று வெள்ளையாய் நின்றது.

"தண்ணி குடிச்ச சுவர் ராத்தா," என்றான் றிஸ்வி பெருமையாக. "நல்லாச் சுரண்டி எடுத்துட்டுத்தான் அடிச்சன். இனி ஒழுகாது."

அவள் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள்; உள்ளங்கையில் ஈரச் சுண்ணாம்பு ஒட்டியது. பாவம், அவனைத் திட்டி என்ன பயன்? ஆனால் ஹாஷிமுக்கு அது படம் என்று தெரியும். பின்னேரம் வந்தவர் வெள்ளைச் சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"போனது போகட்டும். நோம்பு வருது. பொம்பளைக்கி நோம்பு காலத்தில சாஞ்சி கிடக்க நேரம் எங்க இரிக்கி?"

அதுதான் அவருடைய கணக்கு! சுவர் போனதோடு அவளுடைய பின்னேரமும் போய்விட்டதாம். றிஸ்வி மிச்சம் வைத்துப்போன சுண்ணாம்பு வாளியைக் கைரியா ஒரு மூலையில் மூடிவைத்தாள்.

மறுநாள் அந்தச் சுண்ணாம்பிலேயே காவித்தூளையும் நீலத்தையும் கரைத்தாள். இந்த முறை முன்னறையில் அல்ல. ரோட்டைப் பார்த்த வெளிச்சுவரில், கூரையிலிருந்து படிவரை. போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

முதல் நோம்பு. அஸருக்குப் பிறகு ஊர் முழுக்க அடுப்படிகளில் எண்ணெய் வாசம். கைரியா கஞ்சியை நேரத்தோடு காய்ச்சி இறக்கிவிட்டாள். முற்றத்தில் கதிரையைப் போட்டு, ஊருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துக் காலை நீட்டினாள். நோம்பாளிக்குப் பிளேன்டீ இல்லைதான். சுகத்துக்கு அது தேவைப்படவுமில்லை.

ஹாஷிம் கடையைப் பூட்டிவிட்டு வந்தவர் முற்றத்திலேயே நின்றுவிட்டார்.

"கைரியா, ரோட்டில சனம் பாக்குது. பெட்டிஸ் பொரிக்கல்லயா?"

"மடிச்சி வெச்சிரிக்கன். பொரிக்கிறதுதான் பாக்கி."

"அப்ப எழும்பு."

"நான் வேலை முடிச்சாச்சு."

ஹாஷிமின் கோபம் சுவர்மேல் திரும்பியது. "இது ஒரு படமா? ஆளும் இல்ல, பேரும் இல்ல."

"ஆள் கதிரையில இரிக்கி," என்றாள் கைரியா, தலையைத் திருப்பாமல்.

அவர் ரோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். இறைச்சி அடைத்த பெட்டிஸ் இல்லாமல் அவருக்கு நோம்பு துறந்த மாதிரியே இருக்காது. முணுமுணுத்துக்கொண்டே சாரத்தை மடித்துக்கட்டி உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் எண்ணெய்ச் சட்டி சீறியது. பின்னாலேயே, "ஆ! சுட்டுட்டு!" என்று ஹாஷிமின் குரல்.

கைரியா எழும்பவில்லை.