பலகையின் கீழ் வரி

உருகிய ஐஸ் தண்ணீரும் டீசலும் இறால் தோலும் கலந்து வெயிலில் எழும்புகிற வாடை ஒன்று உண்டு. இங்கே சான் ஹோசேயில் ஏதாவது மீன் கடையின் பின்வாசலைக் கடக்கும்போது அது மூக்கில் ஏறினால் போதும், எனக்கு எட்டு வயதாகிவிடும், டெக்ஸாஸ் கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றின் படகுத்துறையில் உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த ஊரில் இறால் படகு வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வியட்நாம்காரர்கள். அதனால் துறையில் ஐஸ் விற்கிற இடம், தூண்டில் இரை விற்கிற இடம், படகு கட்டக்கூடாத இடம் என்று எல்லாப் பலகையும் இரண்டு மொழியில் இருக்கும். மேலே ஆங்கிலம், கீழே, தலையில் தொப்பியும் காலடியில் புள்ளியும் வைத்த அவர்கள் எழுத்து. எனக்கு மேல் வரி படிக்கத் தெரியும், கீழ் வரி வெறும் படம். கீழக்கரையிலிருந்து வந்த உம்மாவுக்கு இரண்டுமே படம்தான். எங்களைத் தவிர அங்கே தமிழ் பேச ஆள் கிடையாது. வாப்பா கெமிக்கல் பிளான்ட்டில் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிவிடுவார், நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன், உம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து "பேசாத வாயி ஊறாத மாவு, புள்ள" என்பாள்.

அவள் வாய்க்கு வேலை சனிக்கிழமை மட்டும்தான். ஹலால் கறிக்கு ஹூஸ்டன் வரை கார் ஓட்ட வேண்டும் என்பதால் எங்கள் வீட்டில் வாரம் முழுக்க மீன்தான். அதை வாங்கத் துறைக்குப் போவோம். அங்கே ரப்பர் பூட்ஸும் பூப்போட்ட சட்டையுமாக ஒரு அம்மா கடை வைத்திருந்தார். உம்மா நேராகப் போய் மீனின் செவுளைத் தூக்கிச் சிவப்புப் பார்ப்பாள், வயிற்றை அமுக்குவாள், முகர்வாள். "இது நம்மூருக் கத்தாழை மீனு மாதிரில்ல இருக்கு," என்று என்னிடம் சொல்லிவிட்டு அந்த அம்மாவிடம் திரும்பி, "லாத்தா, இது ஐஸ்ல ஒறங்குன மீனு. முழிச்சிருக்குற மீனாக் குடுங்க," என்பாள், சுத்தத் தமிழில். லாத்தா என்றால் எங்கள் பக்கம் அக்கா. அந்த லாத்தாவும் தன் பாஷையில் ஏதோ பதில் சொல்லி, உம்மா கையிலிருந்த மீனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறொன்றைத் தூக்கிக் காட்டுவார். இரண்டு பேரும் சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள், அரை மணி நேரம் போகும். ஒரு சனிக்கிழமை வாப்பா அதைப் போட்டோ எடுத்தார்: உம்மா செவுளைத் திறந்து பிடித்திருக்கிறாள், பின்னால் கடைப் பலகை.

அந்தப் பலகையின் மேல் வரி, மீனைத் தொடாதீர்கள் என்றது. மற்றவர்கள் தொட்டால் அந்த அம்மா மணிக்கட்டிலேயே ஒரு தட்டுத் தட்டிப் பலகையைக் காட்டுவார். உம்மாவை மட்டும் விட்டுவிடுவார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "மீன் தெரிஞ்சவளை மீன்காரிக்குத் தெரியும்," என்றாள் உம்மா. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பிறகொரு சனிக்கிழமை, அப்படித் தட்டு வாங்கிய ஒரு ஆள் உம்மாவைக் கைநீட்டிக் காட்டி, "இந்த லேடிக்கு மட்டும் போர்டு கிடையாதா?" என்று வாப்பாவிடம் உரக்கக் கேட்டான். அங்கிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விசாவில் வந்த மனிதர் வாப்பா. ஊரில் ஒரு சொல் கேட்டுவிடக் கூடாது என்றே வாழ்ந்தவர். முகம் கறுத்துப்போய்ச் சொன்னார்: "தொடாதேன்னு ரெண்டு பாஷையில எழுதிப் போட்டிருக்காங்க. நீ பாட்டுக்குச் செவுளப் புடிச்சுக்கிட்டு நிக்கிற. ஒருத்தன் கேக்குறாப்புல ஆயிப்போச்சே."

உம்மா மீனைக் கீழே வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள். அந்த அம்மாவுக்கு நடந்தது என்ன புரிந்ததோ, நல்ல மீனாக ஒன்றை எடுத்து, செவுளைத் தானே திறந்து உம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். உம்மா பார்க்கவில்லை. அவர் நீட்டியபடியே நின்றதும் செவுளிலிருந்து தண்ணீர் சொட்டியதும் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அதோடு சரி. "ஏங்க, நீங்களே பெரிய கடையில வாங்கியாந்துருங்க," என்று சொல்லிவிட்டாள். உறைந்த மீன் பாக்கெட்டுகள் வந்தன. வாப்பா எத்தனையோ தடவை கூப்பிட்டும் உம்மா துறைப் பக்கம் வரவில்லை. ஜன்னலோரம் உட்காரும் நேரம்தான் கூடியது. பெருநாளைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனவள், திரும்பி வர மனமில்லை என்று சொல்லிவிட்டாள். நான் கீழக்கரையில் வளர்ந்தேன். வாப்பா வருஷத்துக்கொரு தடவை பெட்டியோடு வந்து போகிற மனிதரானார். மீன் பலகைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மற்ற ஆறு நாளையும் தாங்கிப் பிடித்திருந்தது அந்தச் சனிக்கிழமைதான், அது எனக்குத் தெரியும்.

வாப்பா மௌத்தாகி, அடக்கம் முடிந்தபின் அவர் பெட்டியிலிருந்து வந்த அந்தப் போட்டோ இப்போது சான் ஹோசேயில் என் ஆபீஸ் மேஜையில் இருக்கிறது. போன மாதம் பக்கத்து இருக்கை லின், வியட்நாம் வீட்டுப் பெண், அதைக் கையில் எடுத்தவள் சிரித்துவிட்டாள். மேலே ஒன்று, கீழே ஒன்று சொல்கிறதே என்றாள். கீழ் வரியை எனக்குப் படித்துச் சொன்னாள்: "சொந்தக்காரங்களே, நீங்களே பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்." மேல் வரி வெளியாட்களுக்கு, தொட்டுப் பார்த்து வாங்கத் தெரிந்த தங்கள் சனங்களுக்குக் கீழ் வரி என்று விளக்கமும் சொன்னாள்.

அந்த வார இறுதியிலேயே டெக்ஸாஸுக்கு விமானம் ஏறினேன். கடை இருந்த இடத்தில் சுற்றுலாப் படகுகளுக்கு டிக்கெட் கொடுக்கிறார்கள். வழுவழுப்பான புதுப் பலகைகள், எல்லாம் ஒரே மொழியில். தரையில் ஐஸ் ஈரம்கூட இல்லை. அந்த அம்மாவைப் பற்றி யாரிடம் விசாரிப்பது? பூப்போட்ட சட்டை போட்டவர் என்றா?

படகுத்துறையில் நின்றே உம்மாவுக்குப் போன் போட்டுக் கீழ் வரியைச் சொன்னேன்.

"சொந்தக்காரங்களேன்னா போட்டிருந்துச்சு?" என்றாள். பிறகு மெதுவாக, "அவ பேரு என்னன்னு நான் ஒரு நாளும் கேக்கலையே, புள்ள."