பதினேழு ஒன்றுகள்

பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண்ணை இரண்டால் மீதியில்லாமல் வகுக்கலாம் என்று என் கம்ப்யூட்டர் சொன்னது. தொண்ணூறுகளில், காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் புரோகிராமராக இருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பழனிசாமி சிரித்துவிட்டார். பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர்; அந்த எண் எதனால் வகுபடும் என்று கண்டுபிடித்துத் தரச் சொல்லி வந்திருந்தார்.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணுல முடியற நெம்பருங்க. ரெண்டுல எப்படிங்க வகுபடும்?"

எனக்கு மானம் போயிற்று. அவ்வளவு பெரிய எண்ணை அந்த மெஷின் முழுதாக வைத்துக்கொள்ளாது, கடைசி இலக்கத்தை ரவுண்ட் செய்துவிடும். சனியன், ஒன்றை இரண்டாக்கி வைத்திருந்தது. பள்ளிக்கூட வகுத்தல் மாதிரி இலக்கம் இலக்கமாக வகுக்கும்படி புரோகிராமை மாற்றி ஓடவிட்டேன். காத்திருக்கும்போது, இது எதற்கு என்று கேட்டேன்.

"எம்பட புள்ள கவிதா எம்.எஸ்சி. கணக்குப் படிச்சிட்டிருந்தாளுங்க. பாதியில நிறுத்தி வெள்ளகோவில்ல கட்டிக் குடுத்துப்போட்டேன். அன்னையிலருந்து என்கூடப் பேசறதில்லீங்க. ஊட்டு வேலை முடிஞ்சா இந்த நெம்பரையே வகுத்துட்டு உக்காந்திருக்கறாளாம், மாப்ள சொன்னாருங்க. விடையக் கொண்டு போயிக் குடுத்தா ஒரு வார்த்தை பேசமாட்டாளுங்களா?"

பேசாமல் என்ன, ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்றேன்.

அன்று இரண்டு தடவை கரண்ட் போனது. திட்டிக்கொண்டே மறுபடி ஓடவிட்டேன். மறுநாள் மதியம் திரையில் விடை நின்றது: 2071723. பதினேழு ஒன்றுகள் பகா எண் இல்லை, இதனால் வகுபடுகிறது. ஆனால் ஒன்றைத் தவிர, இதைவிடச் சிறிய எந்த எண்ணாலும் வகுபடாது. கையால் ஒவ்வொன்றாக வகுத்து அதுவரை வர அந்தப் பெண்ணுக்கு எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். பழனிசாமி பிரின்ட் அவுட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெள்ளகோவிலுக்கே நேராக பஸ் ஏறினார்.

அடுத்த வாரம் வந்தார். "பேசினாளா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"பேசினாளுங்க." நாற்காலியில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. "'அப்பா, எனக்குன்னு இது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. இதையும் முடிச்சுப்போட்டீங்களா'ன்னாளுங்க. அவ்வளவுதானுங்க."

டீ வாங்கிக் கொடுத்தேன், அவர் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு, இன்னொருவர் போடும் கணக்கை யார் கொண்டுவந்தாலும், போடுகிறவரையே அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். கவிதாவை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.